முட்டைக்கு ஒன்றரை மணி நேரம்

எனக்கு முட்டை வேகவைக்கத் தெரியும். கல்யாணமான நாள் முதல் எங்கள் வீட்டில் அந்தப் பொறுப்பு என்னுடையதுதான். நானாகக் கேட்டு வாங்கிய பொறுப்பு அல்ல, எனக்கு விதிக்கப்பட்ட தண்டனை.

எழுபதுகளின் தொடக்கத்தில் அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு சின்னப் பட்டறையில், பர்னஸ் பிரிவில் வேலை பார்த்தேன். இரும்பைப் பழுக்கக் காய்ச்சி, தண்ணீரில் முக்கிக் கெட்டியாக்குகிற வேலை. சேர்ந்து எட்டு மாதம்தான் ஆகியிருந்தது. ஆனால் சூட்டைப் பற்றி எனக்கு இனி யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை என்ற எண்ணம் இரண்டாம் மாதமே வந்துவிட்டது. (அந்த வயதில் எனக்கு எல்லாமே சீக்கிரம் வந்தது, புத்தியைத் தவிர.)

அப்போதுதான் வசந்தாவைப் பெண் பார்த்தோம். பூந்தமல்லிப் பக்கம் மல்லித் தோட்டம் வைத்திருந்த குடும்பம். பெண்ணுக்கு எஸ்டேட்டிலேயே வேலை, காலை ஆறு மணி ஷிப்ட். பார்த்ததும் எனக்கு ரொம்பப் பிடித்துவிட்டது. அவள் பக்கத்திலிருந்து ஒரே ஒரு நிபந்தனை வந்தது: "நான் விடிகாலைல வேலைக்குப் போயிடுவேன். ஒரு முட்டையாவது வேகவெச்சுத் துன்னத் தெரிஞ்ச ஆளா இருக்கணும்."

தரகர் வந்து சொன்னபோது நான் சிரித்தேன். "முட்டைதானே? தினம் நான்தான் வேகவைக்கிறேன்" என்றேன். உண்மையில் மூன்று வேளையும் மெஸ் சாப்பாடு. உரித்த முட்டையோடு மட்டும்தான் எனக்குப் பழக்கம்.

அடுத்த ஞாயிறு காலை பத்து மணிக்குப் பெண்ணின் அப்பாவும், அக்கா கஸ்தூரியும் என் அறைக்கு வந்தார்கள். மாப்பிள்ளை தங்கியிருக்கும் இடத்தைப் பார்க்க வந்ததாகப் பேர். வந்தது முட்டைப் பரீட்சைக்கு. நானும் தயாராகத்தான் இருந்தேன். பக்கத்துப் போர்ஷனில் இரவல் வாங்கிய பம்ப் ஸ்டவ், கடையில் வாங்கிய ஆறு முட்டை, தடிமன் அளக்கப் பட்டறையிலிருந்து (சொல்லாமல்) கொண்டுவந்த வெர்னியர்.

முட்டையை வெர்னியரில் பிடித்து அளந்தேன்.

"இன்னாத்துக்கு தம்பி அளக்கறே?" என்றார் பெண்ணின் அப்பா.

"உள்ள வரைக்கும் சூடு ஏறணும்ல மாமா. ஒரு இன்ச்சு தடிமனுக்கு ஒரு மணி நேரம். இது ஒண்ணே முக்கால் இன்ச்சு கிட்ட கீது."

எங்கள் போர்மேன் இரும்புக்குச் சொல்லித் தந்த கணக்கு அது. முட்டை கொஞ்சம் இளசு என்பதால் கால் மணி நேரம் சலுகை கொடுத்து, ஒன்றரை மணி நேரம் என்று அறிவித்தேன்.

"பத்து நிமிசத்துல வெந்துடும்பா" என்றார் கஸ்தூரி அக்கா.

"வெளில வெந்துடும்க்கா. உள்ள?"

அவர் பாயை இழுத்துப் போட்டு உட்கார்ந்துவிட்டார். ஜெயித்துவிட்டேன் என்று நினைத்தேன்.

பாத்திரத்தைத் தட்டால் மூடி, மேலே ஒரு இரும்புக் கட்டியை வைத்தேன். நான் ஸ்டவ்வை விட்டு நகரவில்லை. அது போட்ட இரைச்சலில் நாங்கள் கத்திக் கத்திக் குடும்ப விஷயம் பேசினோம். நாற்பது நிமிடம் கழித்து அக்கா எழுந்து, "தண்ணி கீதான்னு பாத்துடறேன்" என்றார். குறுக்கே போய் நின்றுகொண்டேன். "நடுவுல தொறந்தா சூடு போயிடும்க்கா!" பர்னஸ் கதவுக்கும் அதுதான் சட்டம்.

"இந்நேரம் அடை வெச்சிருந்தா குஞ்சே பொரிச்சிருக்கும்" என்று முணுமுணுத்தார் மாமா.

பிறகு ஒரு கருகல் வாடை வந்தது. பட்டறையில் தினமும் வருகிற வாடைதான் என்பதால், அதை நல்ல அறிகுறியாக எடுத்துக்கொண்டேன்.

சரியாக ஒன்றரை மணி நேரம் முடிந்ததும், ஐஸ் போட்ட வாளித் தண்ணீரைப் பக்கத்தில் வைத்துவிட்டு, "கிட்ட வந்து பாருங்க மாமா" என்று கூப்பிட்டு, இடுக்கியால் தட்டைத் தூக்கினேன்.

தண்ணீர் எப்போதோ வற்றிப் போயிருந்தது. அடியில் ஆறு கரிய முட்டைகள். முதலாவது வெடித்து உத்தரத்தில் ஒட்டியது. இரண்டாவது மாமாவின் வெள்ளைச் சட்டையில். மூன்றாவது எங்கே போனது என்று இன்றுவரை தெரியாது. (அறையைக் காலி செய்யும் வரை நாற்றம் மட்டும் இருந்தது.) அக்கா தெருவுக்கே ஓடிவிட்டார். நான் மட்டும் அசராமல், மிச்ச மூன்றையும் முறைப்படி ஐஸ் தண்ணீரில் போட்டேன். சொர்ரென்று பிளந்தன.

மாமா துண்டால் சட்டையைத் துடைத்துக்கொண்டே சொன்னார்: "உள்ள வரைக்கும் வெந்துடுச்சு தம்பி."

அவர்கள் போன பிறகு கதவைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்தேன். வசந்தா இனி எனக்கில்லை என்று நினைத்தபோது அழுகையே வந்துவிட்டது. அன்று மெஸ்ஸுக்கும் போகவில்லை.

புதன்கிழமை தரகர் வந்தார், சிரித்துக்கொண்டே. வீட்டில் மாமா எகிறிக் குதித்தாராம். வசந்தா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்துவிட்டு, ஒன்றே ஒன்று கேட்டாளாம்.

"ஒன்றரை மணி நேரமும் அடுப்பாண்டயே நின்னுகினு இருந்தாரா?"

"ஆமா. நவுரவே இல்ல" என்றாராம் கஸ்தூரி அக்கா.

"அப்ப அவரையே முடிச்சுடுங்க. முட்டை நான் கத்துக்குடுத்துடுவேன். அடுப்பாண்ட நிக்கிற ஆம்பளைக்கு எங்க போறது?"

கல்யாணமான முதல் வாரமே பாத்திரத்தை என் கையில் கொடுத்தாள். முட்டை மூழ்கத் தண்ணீர், ஒரு சிட்டிகை உப்பு, கொதி வந்த பிறகு பத்து நிமிடம், எடுத்ததும் பச்சைத் தண்ணீர். இவ்வளவுதான். வெர்னியர் தேவையில்லை.

மாமா கடைசிவரை எங்கள் வீட்டில் சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டிவிட்டுத்தான் சாப்பிட உட்காருவார், முட்டை இல்லாத நாளிலும்கூட. அவர் போய்ப் பல வருடம் ஆகிறது. போன வருடம் பேத்திக்குக் கல்யாணமாகி, தலை தீபாவளிக்குப் புது மாப்பிள்ளை வந்திருந்தார். மறுநாள் காலை நான் முட்டைப் பாத்திரத்தை அடுப்பில் வைத்ததும், எழுந்துபோய், சட்டையைக் கழற்றி அதே ஆணியில் மாட்டினார். பேத்தி முன்பே கதையைச் சொல்லி வைத்திருக்க வேண்டும்.

வசந்தா என் பக்கம் திரும்பவே இல்லை. ஆனால் முதுகு குலுங்கிக்கொண்டிருந்தது.