கால்கிலோவும் மலை லட்டும்

எடை குறைய வேண்டும் என்பதற்காகப் பெருமாளுக்கு முடி கொடுத்த ஒரே பாக்ஸர், எனக்குத் தெரிந்து, எங்கள் கால்கிலோதான். திருப்பதி ஹாஸ்டலில் என் அறைத்தோழன், ஊர் நகரி. எந்தப் போட்டிக்குப் போனாலும் அவன் பிரிவின் வரம்பான ஐம்பத்தொரு கிலோவைத் தாண்டிக் கால் கிலோ கூடுதலாக நிற்பான். அதனால்தான் அந்தப் பெயர்.

"மச்சான், மேல் பிரிவுல கீறவனுங்களுக்குக் கை நீளம், குத்து கனம். என்னை மடிச்சி பாக்கெட்ல வெச்சிக்கினு பூடுவானுங்க" என்பான். அதற்குப் பயந்து செய்த கூத்து கொஞ்சமா? சித்திரை வெயிலில் ஸ்வெட்டர் போட்டு ஓடுவான். தண்ணீரைக் கொப்பளிப்பான், விழுங்க மாட்டான். எடை இறங்கிவிடும், ஆனால் இரண்டாவது ரவுண்டில் கால் பின்னிக்கொள்ளும். ஒருமுறையாவது ஜெயித்தானா என்றால், மூச்!

கடைசி வருடம் அவன் அப்பா போனில் கறாராகச் சொல்லிவிட்டார். "இந்த வாட்டியும் தங்க மெடல் இல்லன்னா பெட்டியைக் கட்டு. தறிக்கு ஆள் வோணும்." தங்கம் வந்தால்தான் விளையாட்டு ஒதுக்கீட்டில் வேலை கிடைக்கும். பயல் மிரண்டுபோய், இரண்டு ஸ்வெட்டரோடு திருமலைக்கு நடந்தே ஏறி, மிச்சம் இருந்த எடைக்கு மொட்டையும் அடித்துக்கொண்டு வந்தான். ஹாஸ்டல் எடை மிஷினில் முள் சரியாக ஐம்பத்தொன்றில் நின்றது. ஆடித் தீர்த்தோம்.

மறுநாள் காலை போட்டிக்கு எடை பார்க்கும் வரிசையில் நிற்கிறோம். அப்பா வந்துவிட்டார். ஒரு கையில் மகன் துணிமணிக்குக் காலிப் பை, மறு கையில் மலை லட்டு.

"துன்னுடா, பிரசாதம்."

வேண்டாம் என்று நான் கண்ணால் கெஞ்சினேன். பெருமாள் பிரசாதம், அதையும் நீட்டுவது அப்பா. எப்படி மறுப்பான்? கண்ணில் ஒற்றிக்கொண்டு முழு லட்டையும் தின்றான். விக்கல் எடுத்தது. ஒரு பாட்டில் தண்ணீரையும் குடித்துத் தொலைத்தான்.

மிஷினில் ஏறினான், முள் ஐம்பத்தொன்றைத் தாண்டிவிட்டது. "ஏமய்யா, பருவு எக்குவ! மேல் பிரிவுல ஆடுறியா, ஊருக்குப் போறியா?" என்றார் எடை பார்த்தவர்.

மேல் பிரிவில் இருந்ததே ஒரே ஒரு நாயுடுபேட்டைக்காரன்தான். அவன் தோளைப் பார்த்து எனக்குக் காய்ச்சல் வந்தது. கால்கிலோவோ, "இனிமே எதுக்குடா பட்டினி?" என்று மதியம் ஹாஸ்டல் சோற்றை ஒரு பிடி பிடித்தான்.

மாலையில் முதல் ரவுண்டு முழுக்க உதை வாங்கினான். அப்பா பையை உதறி மடியில் விரித்துக்கொண்டார். இரண்டாவது ரவுண்டு வந்தது. அட, இவன் கால் பின்னவில்லை! நாயுடுபேட்டைக்காரனுக்குத்தான் மூச்சு வாங்கியது. அவனும் இன்னும் பெரிய பிரிவிலிருந்து நாள்கணக்கில் பட்டினி கிடந்து இறங்கியவனாம். மூன்றாவது ரவுண்டில் நம் ஆள் அவனைச் சுற்றிச் சுற்றி வந்து மொத்தினான். நடுவர் தூக்கிப் பிடித்தது கால்கிலோவின் கையை!

அப்பா பையைப் போட்டுவிட்டு ஓடிவந்து மகனைத் தூக்கினார். "இன்னாடா, இம்மாங் கனமா கீற!" என்று அழுதார். "நீ தோக்கணும்னுதான்டா மலையில வேண்டிக்கினேன்."

"எவனை எந்தப் பிரிவுல வெக்கணும்னு பெருமாளுக்குத் தெரியாதா நைனா?"

அவனுக்கு வேலை கிடைத்தது, தொப்பையும் வந்துவிட்டது. இன்றைக்கும் எனக்கு யாராவது மலை லட்டு கொடுத்தால், பாதியைப் பிட்டு அவனுக்கென்று எடுத்து வைத்துவிடுகிறேன்.