காலியாக வராத கல்யாணக் குடுவை

பெல்கிரேட்,
திங்கட்கிழமை காலை

மரியாதைக்குரிய வூகோமான் பெரியப்பாவுக்கு, ஒலிவேரா வணக்கத்துடன் எழுதுவது.

மூன்று மணி நேர பஸ் தூரத்தில் இருந்துகொண்டு, நேரில் வராமல் கடிதம் எழுதுவதற்கு முதலில் என்னை மன்னிக்க வேண்டும். போனில் சொல்லியிருக்கலாம். ஆனால் நீங்கள் அந்தப் பக்கம் "ம்" என்றாலே எனக்கு அடுத்த வாக்கியம் மறந்துபோகும். அதனால் குடுவையோடு இதையும் சேர்த்துக் கட்டி, நம் ஊர் பஸ் டிரைவரிடம் கொடுத்தனுப்புகிறேன். பெரியம்மாவின் முழங்கால் எப்படி இருக்கிறது? வெலிமிர் அண்ணனின் கல்யாணக் கோட்டு தைத்து வந்துவிட்டதா? இங்கே நான் நலம். இதைப் படித்து முடிக்கும்வரை குடுவையின் மூடியைத் திறக்க வேண்டாம் என்று மட்டும் கேட்டுக்கொள்கிறேன்.

கவலைப்பட ஒன்றுமில்லை. குடுவை நிரம்பித்தான் வந்திருக்கிறது.

சித்தப்பாவைக் கல்யாணத்துக்கு அழைக்கப் போன வேலை நல்லபடியாகத்தான் தொடங்கியது. "வீட்டுல முதல் பட்டதாரி, சட்டதிட்டம் தெரிஞ்சவ, இவளே போகட்டும்" என்று சொல்லி, "குடுவை உன் கையை விட்டுப் போகக் கூடாது, மூட்டையோட மூட்டையா எறிய அது உருளைக்கிழங்கு இல்ல" என்றும் சொல்லி அனுப்பினீர்கள். சொன்னபடியே சுவிட்சர்லாந்துவரை பத்தொன்பது மணி நேரம் பஸ்ஸில் குழந்தையைப் போல மடியில் வைத்துக்கொண்டு போனேன். சித்தப்பா கதவைத் திறந்தார். கழுத்தில் சிவப்பு நூலும் துளசிக் கொத்தும் கட்டிய குடுவையைப் பார்த்தார், என்னைப் பார்க்கவில்லை. நான் அழைப்பைத் தட்டுத்தடுமாறிச் சொல்லி முடித்தேன். முறைப்படி ஒரு மடக்கு குடித்துவிட்டு, குடித்த அளவுக்குத் தான் பழத்தில் காய்ச்சிய ரக்கியாச் சாராயத்தை ஊற்றி நிரப்பினால் போதும், வருகிறேன் என்று அர்த்தம். ஆனால் அவர் ஒரு மடக்கோடு நிறுத்தவில்லை. நீங்கள் காய்ச்சியது மொத்தத்தையும் ஒரு ஜாடியில் வடித்து, "இதை யாரும் தொடக் கூடாது" என்று சித்தியிடம் சொல்லி அலமாரியில் வைத்துப் பூட்டினார். பிறகு குடுவையின் வாய்வரை தன்னுடையதை ஊற்றினார்.

"உன் பெரியப்பா இதைக் குடிக்கட்டும். குடிச்சிட்டு அவரே எனக்கு போன் பண்ணி 'நல்லா இருக்கு'ன்னு சொல்லட்டும். கல்யாணத்துக்கு முதல் நாளே வந்து நிப்பேன். இல்லேன்னா ஃபோட்டோவைப் பார்த்துக்கறேன்" என்றார்.

"ரெண்டு வார்த்தைக்காகப் பதினொரு வருஷமா உக்காந்திருக்கு இந்த மனுஷன்" என்றார் சித்தி, என்னிடம் சொல்வதுபோல அவரிடம்.

எந்த இரண்டு வார்த்தை என்று உங்களுக்குத் தெரியும் பெரியப்பா. அன்றைக்கு நம் வீட்டுப் புனிதர் நாள் விருந்தில் அத்தனை பேர் முன்னால் அவர் காய்ச்சியதைக் குடித்துப் பார்த்து, "ஜன்னல் துடைக்க நல்லது" என்று நீங்கள் சொன்னபோது நானும் மேஜையில்தான் இருந்தேன். எல்லோரும் சிரித்தோம். நானும் சிரித்தேன்.

திங்கட்கிழமை நான் வேலைக்குத் திரும்ப வேண்டும் என்று சித்தப்பாவே விமான டிக்கெட் எடுத்துக் கொடுத்தார். கைப்பைக்கு மட்டும் இடமுள்ள டிக்கெட். விதிகளை நான் மூன்று முறை படித்திருந்தேன். மெதுவாகச் சொல்லியும் பார்த்தேன்.

"சித்தப்பா, நூறு மில்லிக்கு மேல திரவம் கையில கொண்டுபோக விடமாட்டாங்க."

"இது திரவமா?"

"திரவம்தானே சித்தப்பா."

"இது அழைப்பும்மா. கல்யாண அழைப்பை எவனாவது மில்லிக் கணக்குல அளப்பானா?"

உண்மையைச் சொன்னால் அந்த நிமிஷம் அவர் சொன்னதுதான் நியாயமாகப் பட்டது. என் தப்பு மொத்தமும் அதுதான், மற்றதெல்லாம் அதன் பின்னால் வந்தது. விமான நிலையச் சோதனை வரிசையில் சீருடைப் பெண் குடுவையை ஆட்டிப் பார்த்து, மிகவும் மரியாதையாக, ஒன்று இதை அந்தத் தொட்டியில் கொட்ட வேண்டும், இல்லை நீங்கள் திரும்பிப் போக வேண்டும் என்றார். நான் சாதாரணமாக யார் எது சொன்னாலும் சரி என்று சொல்கிறவள், கை தன்னால் தொட்டிப் பக்கம் போய்விட்டது, அப்போதுதான் பின்னாலிருந்து யாரோ என் முழங்கையைப் பிடித்தார்கள். திரும்பினால் சாச்சக் ஊர்க்காரர், ஸ்லவோய்கா அக்கா, ஆஸ்பத்திரியில் துப்புரவு வேலை பார்த்து ஓய்வுபெற்றவர், இரண்டு ஆள் அகலம்.

"ஏண்டி, கொட்டவா போறே? செத்தவங்களுக்குத்தான் கீழ ஊத்துவோம். கல்யாணத்துக்கு முன்னாடி ஊத்தினா மாப்பிள்ளை கதி என்னாகும்?"

"வேற என்னக்கா செய்யறது?"

"எனக்குத் தொண்டை இருக்கு. பெல்கிரேட் விமானத்துக்கு நிக்கற இத்தனை பேருக்கும் இருக்கு. ஆனா முறையாக் கூப்பிடு. கூப்பிடாம குடிச்சா அது திருட்டு."

பஸ்ஸில் என் நிறுத்தம் வந்தால்கூட டிரைவரிடம் சொல்லக் கூச்சப்பட்டு அடுத்த நிறுத்தத்தில் இறங்கி நடந்து வருகிற நான், பெரியப்பா, அந்த வரிசையில் பதினாறு முறை, "எங்கள் வீட்டார் வணங்கி அழைக்கிறார்கள், வருகிற பன்னிரண்டாம் தேதி சனிக்கிழமை எங்கள் அண்ணனுக்குக் கல்யாணம், அவசியம் வர வேண்டும்" என்று சொன்னேன். ஆறாவது ஆளுக்கு மேல் குரல்கூட நடுங்கவில்லை. ஒரு பல் டாக்டர் இரண்டு மடக்கு குடித்துவிட்டு ஒன்று வீட்டுக்காரிக்கு என்றார். ஒரு டிராக்டர் மெக்கானிக் கண்ணை மூடிக்கொண்டு வெகுநேரம் திறக்கவில்லை, எனக்குப் பயமாகிவிட்டது. "என்னப்பா, உசிரோட இருக்கியா?" என்று அக்கா கேட்டதற்கு, "பேசாதீங்க, உள்ள போயிட்டிருக்கு" என்றார். சீருடைப் பெண் வேலை நேரத்தில் குடிக்க மாட்டேன் என்றார், கல்யாணத் தேதியை மட்டும் கேட்டுக்கொண்டார். காலிக் குடுவைக்கு எந்தத் தடையும் இல்லை. சமர்த்தாக எக்ஸ்ரேயில் போய் வந்தது.

ஆனால் குடித்தவர்கள் நிரப்ப வேண்டுமே. பதினாறு பேரும் நேராக உள்ளே இருக்கிற வரியில்லாக் கடைக்குப் போய் ஆளுக்கொரு பாட்டில் வாங்கிவிட்டார்கள். அங்கேயே திறக்கப் போனவர்களை நான்தான் தடுத்தேன். கடையில் ஒட்டிக் கொடுக்கும் பையை ஊர் போய்ச் சேரும்வரை பிரிக்கக் கூடாது என்பது விதி. அதனால் பெல்கிரேடில் பெட்டிகள் சுற்றி வருகிற இடத்தில், எல்லோரும் பைகளைக் கிழித்துக் கிழித்து ஊற்றினார்கள். விஸ்கி, செர்ரிப் பிராந்தி, ஸ்லவோய்கா அக்காவின் முட்டை மதுபானம், பல் டாக்டர் ஊற்றிய பச்சை நிறமான ஏதோ ஒன்று. இப்போது குடுவைக்குள் இருப்பது பழைய எஞ்சின் எண்ணெய் நிறத்தில் இருக்கிறது. யாரையும் குடிக்க விட வேண்டாம். கொட்டவும் வேண்டாம், காரணம் மேலே சொல்லிவிட்டேன்.

ஆக, பெரியப்பா, நிலைமை தெளிவாகவே இருக்கிறது. பதினாறு பேரும் குடும்பத்தோடு வருகிறார்கள், ஸ்லவோய்கா அக்கா மட்டும் ஐந்து பேர். பாலம் தாண்டி இடப்பக்கம் என்று வழியும் சொல்லிவிட்டேன். பந்தலில் இன்னும் நான்கு நீள மேஜை போட்டால் சமாளித்துவிடலாம். சித்தப்பாவின் ரக்கியாவில் ஒரு சொட்டு மிச்சமில்லை என்பதும் உண்மை. ஆனாலும் பதினாறு பேர் குடித்து, பதினாறு பேரும் நல்லா இருக்கு என்றார்கள். பதினாறு சாட்சி போதும். நீங்கள் ருசி பார்க்காமலே, மனசாட்சிக்கு விரோதமில்லாமல், சித்தப்பாவுக்கு போன் செய்து அந்த இரண்டு வார்த்தையைச் சொல்லலாம். படித்தவள் என்று என்னை அனுப்பினீர்கள், படித்தவளாக யோசித்துத்தான் சொல்கிறேன்.

உங்கள் வீட்டுக் கதவு எப்போதும் விருந்தாளிகளுக்குத் திறந்திருக்கட்டும். பெரியம்மாவுக்கும் அண்ணனுக்கும் புது அண்ணிக்கும் என் அன்பு. சாச்சக்காரர்களுக்குக் காரம் ஆகாதாம், அதையும் பெரியம்மாவிடம் சொல்லிவிடுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் தம்பி மகள்
ஒலிவேரா

பின்குறிப்பு: கட்டி முடித்த பொட்டலத்தை மறுபடி பிரித்து இதை எழுதுகிறேன். ஒரு சொட்டு மிச்சமில்லை என்றது பொய். அந்த வரிசையில் முதல் ஆளைக் கூப்பிடுவதற்கு முன்னால் கழிப்பறைக்கு ஓடி, என் சின்ன ஷாம்பூ பாட்டிலைக் காலி செய்து, மூன்று முறை கழுவி, அதில் சித்தப்பாவின் ரக்கியாவை நிரப்பிக்கொண்டேன். சரியாக நூறு மில்லி, விதிக்கு உட்பட்டது. உங்களிடம் மறைக்கத்தான் நினைத்தேன். நீங்கள் குடித்துப் பார்த்து மறுபடி ஜன்னல் என்று சொல்லிவிடுவீர்களோ என்று பயம். ஆனால் ருசி பார்க்காமல் சொன்னால் உங்கள் குரலிலேயே சித்தப்பா கண்டுபிடித்துவிடுவார். பாட்டில் இதே பொட்டலத்தில், ஒரு கம்பளிக் காலுறைக்குள் இருக்கிறது. பக்கத்தில் யாரும் இல்லாதபோது குடித்துப் பாருங்கள் பெரியப்பா. சாமந்திப்பூ வாசனை அடித்தால் அது என் ஷாம்பூ, அவர் குற்றமில்லை. நல்லா இருந்தால் அவருக்கு போன் பண்ணுங்கள். நல்லா இல்லையென்றாலும் பண்ணுங்கள்.