ஃபேன் மிஸ்ஸின் கைப்பைக்குள் இருந்த காற்று

திருகோணமலைக்குக் காற்று எங்கிருந்து வருகிறது என்று யாரைக் கேட்டாலும் கடலைக் காட்டுவார்கள். எங்கள் அலுவலகத்தில் வேலை செய்தவர்கள் மட்டும் ஃபேன் மிஸ்ஸின் கறுப்புக் கைப்பையைக் காட்டுவார்கள். எத்தனையோ கப்பல்களின் கப்டன்மாரைக் கண்டும் கதிரையை விட்டு எழும்பாத எங்கள் மனேஜர், அந்தக் கைப்பை மேசையில் விழும் சத்தத்துக்கு எழுந்து நிற்பார்.

மிஸ்ஸின் சொந்தப் பெயரை நான் எழுதப் போவதில்லை. எழுதினாலும் ஊரில் பாதிப் பேருக்குத் தெரியாது. பத்திரிகை ஆசிரியர் இதைப் பெண்கள் பக்கத்தில், சமையல் குறிப்புக்குக் கீழே போடலாமா என்று கேட்டார். போட்டால் இதுவே என் கடைசிக் கட்டுரை என்று சொல்லிவிட்டேன். அந்தத் துணிச்சலும் மிஸ்ஸிடம் கற்றதுதான்.

எங்களுடையது ஓர்ஸ் ஹில் சரிவில் இருந்த ஒரு கப்பல் முகவர் அலுவலகம். குளிரூட்டி மனேஜரின் அறையில் மட்டும். வெளியே எங்கள் எல்லோருக்கும் சேர்த்து முகட்டில் ஒரேயொரு ஃபேன். மிஸ் தலைமைக் கிளார்க். நான் அவருக்குப் பக்கத்து மேசையில் புதிதாகச் சேர்ந்தவள். ஐம்பதைத் தாண்டிய கையோடு அவருக்கு வெக்கை தொடங்கியது. நன்றாகக் கதைத்துக்கொண்டிருக்கும்போதே கழுத்திலிருந்து சிவப்பு ஏறும், நெற்றி நனையும், பேனையைப் போட்டுவிட்டு எழுந்துபோய் ஃபேனை ஐந்தில் திருப்புவார். அடுத்த நிமிடம் எங்கள் கடதாசிகளெல்லாம் கப்பலேறிப் போய்விடும். யாராவது மெல்ல எழும்பி இரண்டுக்குக் குறைப்பார்கள். மிஸ் திரும்பவும் ஐந்துக்கு ஏற்றுவார்.

இந்தப் போர் ஒரு மாதம் நடந்தது. ஒருநாள் காலையில் வந்து பார்த்தால் ஃபேனைக் கூட்டிக் குறைக்கிற குமிழையே காணவில்லை. ஐந்தில் வைத்துக் கழற்றி மிஸ் தன் கைப்பைக்குள் போட்டுவிட்டார். சாப்பிடப் போனாலும் குமிழ் கூடவே போகும், வீட்டுக்குப் போனாலும் போகும். எங்களுக்கு அநியாயம் செய்தார் என்று சொல்ல முடியாது. கடற்கரையிலிருந்து ஒரு பை நிறையக் கல் பொறுக்கி வந்து, கடதாசிக்குப் பாரம் வைக்க ஆளுக்கு இரண்டாகப் பங்கிட்டார்.

இந்த வயதில் மற்றப் பெண்கள் என்ன செய்வார்கள்? தலையிடி என்பார்கள், பிரசர் என்பார்கள், சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டு சும்மா இருப்பார்கள். மிஸ்ஸுக்கு அந்தப் பழக்கம் கிடையாது. என்ன மிஸ் வேர்க்குது என்று யார் கேட்டாலும், அது தபால்காரராக இருந்தாலும், “எனக்கு மாசச் சுகயீனம் நிண்டு போச்சு தம்பி, உடம்பு எரியுது” என்று முழு அலுவலகத்துக்கும் கேட்கச் சொல்வார். அதன்பிறகு தபால்காரர் கடிதங்களை வாசற்படியிலேயே வைத்துவிட்டுப் போகத் தொடங்கினார்.

வினை ஒரு கப்டனின் உருவில் வந்தது. வெளிநாட்டுக் கப்பலொன்றின் கப்டன், தன் கப்பலுக்குத் தண்ணீர் ஏற்றுவது பற்றி விசாரிக்க வந்திருந்தார். பாதிக் கதையில் மிஸ்ஸுக்கு வெக்கை ஏறியது. எழுந்து போனார், மூலையிலிருந்த குளிர்ப்பெட்டியைத் திறந்தார், தலையை உள்ளே விட்டார். மிச்சக் கேள்விகளுக்கெல்லாம் அங்கிருந்தபடியே பதில் சொன்னார். பதில்களில் ஒரு பிழையில்லை. கப்டனும் அந்தப் பெட்டியிடம் நன்றி சொல்லிவிட்டுப் போனார். மனேஜருக்குத்தான் மானம் போய்விட்டது. அன்று பின்னேரம் மிஸ்ஸைக் கூப்பிட்டு, இன்னொரு முறை இப்படி நடந்தால் முன்கூட்டியே ஓய்வில் அனுப்பத் தலைமை அலுவலகத்துக்கு எழுத வேண்டி வரும் என்றார். பாவம் நீங்கள், வீட்டில் ஆறுதலாக இருங்கள் என்று குரலில் தேனையும் தடவினார். இருபத்தைந்து வருடமாக அந்த அலுவலகத்தைத் தூக்கி நிறுத்திய மனுசி. வெளியே வந்தபோது அவர் கண் கலங்கியிருந்ததை நான் பார்த்தேன். அதற்கு முன்னும் பின்னும் பார்த்ததில்லை.

அடுத்த நாளே ஊரில் பேர்பெற்ற டொக்டர் ஒருவரை, காசு கட்டி நம்பர் எடுத்து, சனல் பண்ணிப் போனார். துணைக்கு நானும் போனேன். டொக்டர் முகத்தை நிமிர்த்தவேயில்லை. இது வயசு அம்மா, எல்லாருக்கும் வாறதுதான், கோயிலுக்குப் போங்கோ, மனசை அமைதியாக வைத்திருங்கோ என்று சொல்லி, அடுத்தவரைக் கூப்பிட மணியை அடித்தார்.

“டொக்டர், கோயிலிலயும் எனக்கு வேர்க்குது” என்றார் மிஸ்.

அதற்கு மருந்தில்லை என்பதுபோல் டொக்டர் இரண்டாம் முறை மணியை அடித்தார். ஆனால் மருந்து இருந்தது. மிஸ் விடவில்லை. கொழும்புக்கு ரயிலேறி ஒரு பெண் வைத்திய நிபுணரைக் கண்டார். அந்த அம்மா மார்பைச் சோதித்து, பிரசர் பார்த்து, குடும்பத்தில் யாருக்கு என்ன வருத்தம் என்று விசாரித்து, உடம்பில் குறைந்துபோன ஹோர்மோனை வெளியிலிருந்து கொடுக்கலாம் என்று எழுதிக்கொடுத்தார். வயிற்றின் கீழ்ப்பக்கத்தில் வாரம் இரண்டு தரம் மாற்றி ஒட்ட மெல்லிய பட்டி, இரவில் விழுங்க ஒரு குளிசை. பட்டி எங்கள் ஊரில் கிடைக்காது. மாதம் ஒரு தடவை அலுவலகப் பத்திரங்களோடு கொழும்புக்குப் போகிற எங்கள் டிரைவர், கிண்ணியா நானாதான் வாங்கி வருவார். பெட்டிக்குள் என்ன இருக்கிறது என்று நானா கேட்டதில்லை. கேட்டிருந்தால் மிஸ் சொல்லியிருப்பார்.

இரண்டு மாதத்தில் எங்களுக்கு வேறொரு மிஸ் கிடைத்தார். இரவில் நித்திரை வருகிறது என்றார். கணக்கைப் பார்த்துக்கொண்டே வாய்க்குள் பாட்டுப் பாடினார். ஒருநாள் தானாகவே குமிழை எடுத்து ஃபேனை மூன்றில் வைத்தார். பாதிப் பேருக்குச் சந்தோசம், மீதிப் பேருக்குப் பயம்.

இனி அவருடைய கணவரைச் சொல்ல வேண்டும். துறைமுகத்தில் பாரம் தூக்குகிற வின்ச் ஓட்டி ஓய்வுபெற்றவர், ஊருக்கு வின்ச் அண்ணை. தங்கமான மனிதர். ஒரேயொரு பழக்கம்: மனைவி உடம்பைப் பற்றி வாய் திறந்தவுடன், பொம்பிளையள் விசயம் என்று ரீவியில் செய்தியின் சத்தத்தைக் கூட்டிவிடுவார். பட்டியைப் பற்றி மிஸ் பல தடவை விளக்கியிருக்கிறார். ஒவ்வொரு தடவையும் வின்ச் அண்ணை உலக நடப்பை அறிந்துகொண்டார்.

எங்கள் ஊரில் ஒரு சட்டம் உண்டு. வெளிநாட்டு எழுத்துப் போட்ட பெட்டிக்குள் ஒட்டுகிற சாமான் எது இருந்தாலும் அது வலிக்குப் போடுகிற பிளாஸ்டர். அதை ஒரு வீட்டுக்காரர் மட்டும் வைத்துக்கொள்ளவும் கூடாது, அயலுக்கும் கொடுக்க வேண்டும். நாரி உளைவோடு, இடுப்பைப் பிடித்தபடி அலுமாரியைத் திறந்த வின்ச் அண்ணை, அந்தச் சட்டப்படியே நடந்தார். ஒன்றைத் தன் நாரியில் ஒட்டினார். மறுநாள் எழும்பி, அருமையான சாமான், வலி பறந்துவிட்டது என்றார். ஒட்டிய பிளாஸ்டர் கழன்றுவிடும் என்ற பயத்தில் முதல்நாள் இரவு முழுவதும் அசையாமல் படுத்தார் என்பதுதான் உண்மை.

சனிக்கிழமை பின்னேரங்களில் லிங்கநகரில் அவர் வீட்டு முற்றத்தில் முந்நூற்றிநாலு என்ற சீட்டு விளையாடுவார்கள். சீட்டுக்கு வருகிறவர்களில் இரண்டு பேர் எங்களுக்கு வேண்டியவர்கள்: டிரைவர் நானா, மனேஜர். நானா கழுத்து பிடித்துவிட்டது என்று முனகினார். மனேஜர் முழங்காலைத் தடவினார். வின்ச் அண்ணை உள்ளே போய்ப் பெட்டியையே கொண்டுவந்து விட்டார். ஆளுக்கு ஒன்று ஒட்டியது போக, மிச்சத்தையும் பிறகு மாற்ற வைத்துக்கொள்ளுங்கள் என்று பங்கிட்டார்.

ஞாயிற்றுக்கிழமை மிஸ் பட்டி மாற்றப் பெட்டியைத் திறந்தால் அடிமட்டும் வெறுமை. என்ன நடந்தது என்று கணவர் பெருமையோடு சொல்லி முடித்தார். அன்று மிஸ் ரீவியின் வயரைப் பிடுங்கிக் கையில் வைத்துக்கொண்டுதான் விளக்கம் சொன்னாராம். வின்ச் அண்ணை முழுவதையும் முதல் தடவையாகக் கேட்டார். கேட்டுவிட்டுத் தன் நெஞ்சை இரண்டு கையாலும் தடவிப் பார்த்தார். பிறகு நானாவுக்குப் போனில் கோல் எடுத்தார். கிண்ணியாப் பாலத்தில் லொறியை ஓரமாக நிறுத்திக் கழுத்திலிருந்ததை உரித்து, தன் பங்கு மிச்சத்தோடு தண்ணீரில் எறிந்த நானா, அங்கிருந்தே மிஸ்ஸுக்கு எடுத்தார்.

“மிஸ், எனக்கு அஞ்சு புள்ள இருக்கு. இனி ஒண்டும் ஆகாதே?”

ஒன்றும் ஆகாது நானா, பயப்படாதேங்கோ என்று மிஸ்தான் அவருக்கு ஆறுதல் சொன்னார். நானாவின் அடுத்த பயணம் மூன்று வாரம் கழித்து. அதுவரை தனக்கு என்ன ஆகும் என்று மிஸ்ஸுக்குத் தெரியும். இன்னொரு முறை குளிர்ப்பெட்டியைத் திறந்தால் வேலை போகும் என்பதும் தெரியும்.

மனேஜரிடம் சொல்ல மட்டும் ஒருவருக்கும் துணிவு வரவில்லை. திங்கட்கிழமை அவர் படிகளில் பெடியன் மாதிரி ஏறி வந்தார். எங்கள் எல்லோருக்கும் முன்னால் காற்சட்டையை உயர்த்தி முழங்காலைக் காட்டி, மிஸ், உங்கட அவர் தந்த பிளாஸ்டர் நல்ல சாமான், தந்ததெல்லாம் ஒட்டி முடிஞ்சுது, இன்னும் ஒரு பெட்டி எடுக்கேலுமோ என்று கேட்டார்.

மிஸ்ஸின் கழுத்தில் அப்போதுதான் சிவப்பு ஏறிக்கொண்டிருந்தது. குமிழை எடுத்து, எழுந்து, ஃபேனை ஐந்தில் வைத்துவிட்டு வந்து சொன்னார்.

“சேர், அது பிளாஸ்டர் இல்லை. சுகயீனம் நிண்ட பொம்பிளையளுக்குக் குடுக்கிற ஹோர்மோன். என்னை ஓய்வில அனுப்பாம வைச்சிருந்த மருந்து இப்ப உங்கட முழங்காலில இருக்கு.”

மனேஜர் காற்சட்டையை இறக்கவும் மறந்து தன் அறைக்குள் போனார். கதவைச் சாத்திக்கொண்டார். கொஞ்ச நேரத்தில் என்னை உள்ளே கூப்பிட்டு, என் குரல் மாறியிருக்கிறதா பிள்ளை என்று கேட்டார். பதினொரு மணிக்கு அதே பேர்பெற்ற டொக்டரிடம் ஓடினார். மத்தியானம் திரும்பி வந்தபோது முகத்தில் உயிர் இருந்தது. வந்த சந்தோசத்தில் மிஸ்ஸுக்கு முன்னால் ஒரு கதிரையில் இருந்துகொண்டுதான் அந்தத் தவறைச் செய்தார்.

“டொக்டர் அரை மணித்தியாலம் இருந்து பாத்தவர் மிஸ். இரத்தமெல்லாம் எடுத்தவர். பயப்பட ஒண்டுமில்லையாம்.”

மிஸ்ஸின் கைப்பை மேசையில் விழுந்தது. மனேஜர் எழுந்து நின்றார்.

“வெளிக்கிடுங்கோ சேர்.”

நானா ஓட்டுகிற அலுவலக வான் வண்டியில் மனேஜர் ஏறினார். லிங்கநகரில் நிறுத்தி வின்ச் அண்ணையையும் ஏற்றினோம். டொக்டரின் அறைக்குள் மிஸ் ஆண்கள் மூன்று பேரையும் சுவரோரம் வரிசையாக நிறுத்திவிட்டு, தான் கதிரையில் இருந்தார். டொக்டரின் கை மணிக்குப் போனது. மிஸ் மணியை எடுத்துத் தன் கைப்பைக்குள் போட்டுக்கொண்டார். அவர் குரல் உயரவேயில்லை.

“இவை ரெண்டு நாள் தெரியாம ஒட்டிப்போட்டுப் பயந்தவை. அதில சேருக்கு உடனே இரத்தம் எடுத்துப் பாத்தீங்கள். நான் ரெண்டு வருசமா எரியிறன். எனக்குக் கோயில். அது என்ன கணக்கு டொக்டர்?”

டொக்டர் அன்றைக்குத்தான் மிஸ்ஸின் முகத்தைப் பார்த்தார். நல்ல மனிதர்தான், குறைசொல்ல மாட்டேன். கொழும்பு வைத்தியரின் சீட்டை வாங்கி ஆறுதலாக வாசித்தார். கேட்டிருக்க வேண்டியதையெல்லாம் கேட்டார். இனி பிரசரையும் மற்றச் சோதனைகளையும் தானே ஒழுங்காகப் பார்க்கிறேன், பட்டியை இங்குள்ள பார்மசிக்கே எடுப்பிக்கிறேன் என்றார். எடுப்பித்தும் கொடுத்தார், வந்து சேர மூன்று வாரம் பிடித்தது. வின்ச் அண்ணை தலையைச் சொறிந்தபடி, ஆம்பிளையளுக்கும் வயசுபோனால் ஹோர்மோன் குடுக்கிறதாமே என்று மெல்ல விசாரித்தார். குறைந்திருக்கிறது என்று சோதனையில் தெரிந்து, உடம்பிலும் அதன் குறி இருந்தால் கொடுக்கலாம் என்றார் டொக்டர். சோதித்ததில் அண்ணைக்கு ஒரு குறைவுமில்லை. காதுதான் கொஞ்சம் மந்தம்.

அன்றிரவு நானா வீட்டுக்குப் போய், குசினியில் குளிர்ச்சிக்காகச் சீமெந்துத் தரையில் தனியே படுக்கிற மனைவியிடம் முதல் தடவையாக, உனக்கும் எரியுதா என்று கேட்டாராம். ஓம் என்று சொல்லிவிட்டு அந்த மனுசி அழுததாம். அவருக்கு இந்தப் பட்டி ஒத்துவராது என்று டொக்டர் வேறு மருந்து கொடுத்தார். இதை எனக்குச் சொன்னபோது நானாவும் கண்ணைத் துடைத்தார்.

தலைமை அலுவலகத்துக்கு மனேஜர் எழுதவில்லை. பதிலாக மிஸ்ஸின் மேசைக்கு ஒரு மேசை ஃபேன் வாங்கிக் கொடுத்தார். மிஸ் அதை, தபால்காரர் இனியாவது உள்ளே வரட்டும் என்று, வாசலில் வைத்தார். பட்டி வரும்வரை அந்த மூன்று வாரமும் ஈரத் துவாயைத் தலையில் போட்டுக்கொண்டு வேலைக்கு வந்தார். ஒரு நாள் லீவு எடுக்கவில்லை. குளிர்ப்பெட்டியையும் நினைத்தபோதெல்லாம் திறந்தார். நாங்கள் யாரும் சிரிக்கவில்லை, கல்லை எடுத்துக் கடதாசி மேல் வைத்தோம்.

ஓய்வு பெற்றார், தன் வயதில், தான் சொன்ன நாளில். பிரியாவிடை முடிந்து எல்லோரும் கேக் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது என் கையைப் பிடித்து எதையோ வைத்து மூடினார்.

“உனக்கும் வரும் பிள்ளை. வைச்சிரு. ஒருத்தரிட்டயும் குடுத்துப் போடாதை.”

போன வருடம் எனக்கும் வந்தது. புதிதாகச் சேர்ந்த பெடியன் ஒருவன் கடதாசி பறக்கிறது என்று முறைக்கிறான். அவனுக்கும் இரண்டு கல் கொடுத்திருக்கிறேன். குமிழ் என் கைப்பைக்குள் இருக்கிறது. மிஸ், நீங்கள் வைத்த ஐந்திலேயேதான் ஃபேன் சுற்றுகிறது, நான் இன்னும் குறைக்கவில்லை.