கோச் என்னை அழைத்த ஒரே நாள்

நான் கல்லூரிக் கூடைப்பந்துச் சாம்பியன். பதக்கம் இருக்கிறது, குழுப் படம் இருக்கிறது. அந்த வருடம் முழுவதும் ஒரு நிமிடம்கூட ஆடவில்லை என்பதை மட்டும் நான் முந்திக்கொண்டு சொல்வதில்லை.

கெமாஸ் ஊர்ப் பக்கத்து எஸ்டேட்டிலிருந்து நீலாய் நகரத்துக் கல்லூரிக்குப் படிக்கப் போனவன் நான். உயரத்தைப் பார்த்துச் சேர்த்துக்கொண்டார்கள். (பயிற்சியில் ஆடவிட்டுப் பார்த்த பிறகு உட்காரவைத்துவிட்டார்கள்.) பன்னிரண்டு பேரில் பன்னிரண்டாவது ஆள். கோச்சும் மற்றப் பையன்களும் சீனர்கள். நல்லவர்கள்தான், ஆனால் ஆட்டச் சூட்டில் எல்லாம் மாண்டரின். தோளில் கைபோட்டு வட்டமாக நின்று பேசுவார்கள். நான் ஓரமாக நின்று, அவர்கள் சிரிக்கும்போது சிரிப்பேன். பஸ்ஸில் என் பக்கத்து இருக்கையில் பந்துப் பைதான் உட்காரும். தனிமைக்கு ஆளில்லாத இடம் வேண்டும் என்று நினைத்திருந்தேன். பதினொரு பேருக்கு நடுவிலும் அது தாராளமாகக் கிடைத்தது.

அந்த மொழியில் எனக்குத் தெரிந்தது ஒரே சொல்: 'ஷுவே'. தண்ணீர். கேட்டதும் போத்தலோடு பாய்வேன். அந்த வேலையில் மட்டும் என்னை அடித்துக்கொள்ள ஆளில்லை.

வீட்டில் இதையெல்லாம் சொல்லவில்லை. "டீம்ல நான் சிம்பானான் பிளேயர்ப்பா" என்று போனில் சொன்னதோடு சரி. மாற்று ஆட்டக்காரனுக்கு மலாய் மொழியில் அதுதான் பெயர். ஆனால் 'சிம்பான்' என்றால் பத்திரமாக எடுத்துவைப்பது. அப்பாவுக்கு அது போதாதா? "நகைய பீரோவுல சிம்பான் பண்ற மாதிரி, இவன ஃபைனலுக்குன்னே சிம்பான் பண்ணி வச்சிருக்காங்க லா" என்று எஸ்டேட் முழுக்கச் சொல்லி, இறுதி ஆட்டத்தன்று ஒரு வேன் நிறைய ஆள் ஏற்றிக்கொண்டு வந்துவிட்டார்.

மேலே கேலரியில் அவர்கள். கீழே பெஞ்சுக் கோடியில் நான். கழுத்தைத் திருப்பவே இல்லை. ஒரு நிமிடம் இறங்கிவிட்டால்கூடப் போதும், அப்பாவின் மானம் தப்பும் என்று எல்லாச் சாமியையும் வேண்டினேன்.

சாமி கேட்டது. கடைசிக் கால்பகுதியில் ஒருவனுக்குக் கால் பிசகியது. இன்னொருவன் ஐந்தாவது ஃபவுலோடு வெளியேறினான். உயரமானவன் என்று மிஞ்சியது நான் மட்டும். ஆட்டம் நின்றிருந்தது. கோச் என் பக்கம் கை காட்டிக் கத்தினார். அந்த இரைச்சலில் எனக்குத் தெளிவாகக் கேட்டது: "ஷுவே!"

நான்கு போத்தல்களோடு உள்ளே ஓடினேன்.

மேலே அப்பா எழுந்து, "என் மவன் எறங்கிட்டான் லா!" என்று கத்த, வேன் கூட்டம் முழுக்க விசில். விசில் அடித்தவர்களில் நடுவரும் ஒருவர். பதறி நின்றதில் வழுக்கி விழுந்தேன். முட்டி வீங்கியது, தண்ணீர் எல்லாம் தரையில்.

கோச் தலையில் கைவைத்துக்கொண்டார். "நோ வாட்டர் லா! யூ! சிவே! சிவே!"

என் பெயர் சிவா. அவர் வாயில் அது 'சிவே' என்று வரும் என்று எனக்கு எப்படித் தெரியும்? அதற்கு முன்பு அவர் என்னைப் பெயர் சொல்லி அழைத்ததே இல்லை. ஒரு வருடத்தில் ஒரே ஒரு முறை அழைத்தார், அது நான்தான் என்று எனக்கே தெரியவில்லை. இன்றும் நினைத்தால் சிரிப்பு வருகிறது. 

தரையைத் துடைத்தார்கள். வேறொருவன் இறங்கினான். மூன்று புள்ளியில் ஜெயித்தோம்.

பதக்கத்தோடு நொண்டி நொண்டி வேனுக்குப் போனேன்.  அப்பா என் முட்டியைத் தொட்டுப் பார்த்தார்.

"ரொம்ப வலிக்குதாடா?"

"இல்லப்பா. நான் ஆடவே இல்லப்பா."

"எறங்குனியா இல்லியா? எறங்குன. ஏறு வண்டியில."

வழியில் 'சிவே'யை 'ஷுவே' என்று கேட்டுத் தண்ணீரோடு ஓடிய கதையைச் சொன்னேன். அன்று வேனில் ஆரம்பித்த கேலி இன்னும் ஓயவில்லை. எங்கள் குடும்பத்தில் யாருக்கு விக்கல் எடுத்தாலும் "சிவா!" என்று கத்துவார்கள். கல்யாணப் பந்தியில் தண்ணீர் தீர்ந்தால் நான்கு பக்கமும் "சிவா!" மூன்று வயது மகள்கூடத் தாகம் எடுத்தால் "சிவா வேணும்" என்கிறாள்.

நானும் எழுந்து போய்க் கொண்டுவருகிறேன். பெயர் சொல்லித்தானே கூப்பிடுகிறார்கள்.