தேசிக்காயில் வழுக்கிய எஞ்சின்

சூரிச்சில் வாழும் மதிப்புக்குரிய பாலேந்திரா அண்ணைக்கு,

லண்டன் கோலியர்ஸ் வுட்டில் இருந்து தம்பி ஜீவரத்தினம் பணிவுடன் எழுதுவது. இங்கே என் இடுப்பைத் தவிர எல்லோரும் நலம். உங்கள் புது முழங்காலையும் அண்ணியையும் நல்லூர்க் கந்தன் ஒரு குறையும் இல்லாமல் வைத்திருக்கட்டும்.

மகள் லோஜினியின் கலியாண வீடியோவைப் பார்த்துவிட்டு, "மாப்பிள்ளையை ஏனடா கயிறு கட்டி இழுக்கிறியள்?" என்று கேட்டிருந்தீர்கள். உங்கள் மகன் ஆரணனின் கலியாணத்தையும் லண்டனில் வைக்கப்போகிறீர்கள். ஆகவே நடந்ததை வாசித்துவிட்டு, பேசாமல் ஒரு வெள்ளைக் காரைப் பிடித்துக்கொண்டு நிம்மதியாக இருங்கள் என்று சொல்லத்தான் இந்தக் கடிதம்.

லோஜினிக்குச் சனி ஞாயிறு என்றால் சட்டன் ஊருக்கு அப்பால், பழைய ரயில் எஞ்சின்களைப் பேணுகிற ஒரு கோச்சிச் சங்கத்தின் வளவில்தான் சீவியம். ஏறக்குறைய இருநூறு வருசத்துக்கு முந்திய இங்கிலாந்து எஞ்சின் ஒன்றை, அந்தக் காலத்து மாதிரியே, அங்கே புதிதாகச் செய்து வைத்திருக்கிறார்கள். மாப்பிள்ளை நிர்மலன் தங்கமான பிள்ளை, இவளுக்காகக் கரி அள்ளவும் பழகிவிட்டார். ஆனால் அவருடைய தாய் சிவமலர் அம்மா, பெண் பார்க்க வந்த அன்று லோஜினியின் நகத்தில் எஞ்சின் கிறீஸைக் கண்டவர், பயித்தம் பணியாரத்தைக்கூடத் தொடவில்லை. பிறகு சம்மதித்தார், அதுவும் பட்டும் படாமலும். அந்த வீட்டில் என் பிள்ளையை மனம் நிறைந்து ஏற்பார்களா என்று எனக்கு நித்திரையே இல்லை. இந்த நேரம் பார்த்து இவள், கலியாணம் சங்கத்து மண்டபத்தில்தான், தண்டவாளம் வாசல்வரை போகுது, மாப்பிள்ளை எஞ்சினில்தான் வரவேணும் என்று ஒற்றைக் காலில் நின்றாள். நான் தலைகீழாக நின்றும் பார்த்தேன், சரிவரவில்லை.

அந்த எஞ்சினை நீங்கள் பார்க்க வேணும் அண்ணை. புகைபோக்கி கமுகு மரம் மாதிரி நெடுநெடுவென்று நிற்கும், தண்ணீருக்கு ஒரு மரப்பீப்பா, ஓட்டுகிறவருக்குக் கூரை என்ற பேச்சே இல்லை. இந்த நாட்டில் இருந்துகொண்டு மழைக்குக் கூரை வைக்காத மனிதரை என்னெண்டு சொல்லுறது? ஆனால் மூளைக்காரர்தான். கொதிகலனுக்குள் மெல்லிய குழாய்களாக நிறைய வைத்து, நெருப்பின் சூடு தண்ணீர் முழுக்கப் பிடிக்கும்படி செய்திருக்கிறார்கள். வேலை முடிந்த ஆவியையும் சும்மா விடாமல் புகைபோக்கிக்குள் ஊதிவிட, அது காற்றை இழுத்து நெருப்பை இன்னும் மூட்டும். நாலு சில்லில் முன்னுக்கு நிற்கிற பெரிய இரண்டைத்தான் ஆவி சுற்றும், பின்னால் உள்ளவை சும்மா கூட வரும் என்றாள் லோஜினி. எங்கடை குடும்பம் மாதிரி என்றேன். என் மனிசி நகுலேஸ்வரி முறைத்தாள்.

கலியாணத்தன்று மச்சான் கிருஷ்ணராசா ஏணி வைத்து ஏறி, புகைபோக்கியின் உச்சியில் பென்னம்பெரிய செவ்வந்தி மாலையைச் சாத்தினார். மாப்பிள்ளை எஞ்சினில் நிற்க, அவர் வீட்டார் பின்வண்டியில் இருக்க, ஓட்டுகிற வெள்ளைக்காரர் ஆவியைத் திறந்தார். மாலை இதழ் இதழாகப் பறந்து சிவமலர் அம்மாவின் கொண்டையில் சொரிந்தது, கூடவே கரித்தூளும். மாப்பிள்ளையின் பட்டுவேட்டியைச் சொல்லி வேலையில்லை. அது போதாதென்று, புது வாகனம் தேசிக்காய் நசிக்காமல் ஓடக்கூடாது என்று நகுலேஸ்வரி ஒருவருக்கும் சொல்லாமல் ஒரு பை தேசிக்காயைத் தண்டவாளம் நெடுக அடுக்கி வைத்திருந்தாள். காருக்கு நாலு போதும், இது கோச்சியல்லவா என்று அவளுடைய கணக்கு. எஞ்சின் முதல் தேசிக்காய்களை நசித்தது. அதன்பிறகு சில்லு சுற்றியது, சுற்றியது, சுற்றிக்கொண்டே இருந்தது, எஞ்சின் மட்டும் நின்ற இடத்திலேயே நின்றது. நல்ல நேரம் போகுது என்று ஐயர் ஆள்மேல் ஆள் அனுப்புகிறார். சிவமலர் அம்மா கொண்டையைத் தட்டியபடி, "சகுனம் சரியில்லைப் போலை கிடக்கு" என்றார். எனக்குச் சீவன் போய்விட்டது.

மணவறைக்குப் போகக் காத்திருந்த லோஜினி, சில்லுச் சத்தத்திலேயே விசயம் விளங்கி, முழு அலங்காரத்தோடு ஓடிவந்து சில்லுக்குக் கீழே குனிந்தாள். "அம்மா, இந்த இரண்டு சில்லுதான் தள்ளுறது. அதுக்குக் கீழை தேசிக்காய்ப் புளியை விட்டால் என்னெண்டு பிடிக்கும்? தேசிக்காய் முடியிற இடமட்டும் இழுத்துவிட்டால் காணும், பிறகு தானே போகும்" என்றாள். வருசாவருசம் கோயில் தேரில் முன்வடம் பிடிக்கிற கிருஷ்ணராசா கொட்டிலுக்குள் இருந்த கயிற்றைக் கொண்டுவந்து கட்டினார். பட்டு உடுத்த சனம் ஒன்றையொன்று பார்த்துக்கொண்டு நின்றது. அப்போது சிவமலர் அம்மா வண்டியை விட்டு இறங்கினார். வீட்டுக்குப் போகப்போகிறார் என்றே நினைத்தேன். அவர் சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு கயிற்றைப் பிடித்தார்.

"என்ன பார்த்துக்கொண்டு நிக்கிறியள்? ஊர் கூடினால்தானே தேர் நகரும். பிடியுங்கோ."

அரோகரா என்று ஒரு சத்தம், தவில் ஒரு பக்கம், எஞ்சின் மெல்ல அசைந்தது. பாதுகாப்பு விதிகளைச் சொல்லிக் கத்திய சங்கத்து மஞ்சள் சட்டைக்காரரும் கடைசியில் கயிற்று நுனியைப் பிடித்துக்கொண்டார். காய்ந்த தண்டவாளம் வந்ததும் சில்லு பிடித்துவிட்டது அண்ணை. முன்னால் நிற்கிற எங்களை ஒருவரும் யோசிக்கவில்லை. எஞ்சின் துரத்த, பட்டுவேட்டியும் காஞ்சிபுரமுமாக ஒரு ஊரே மண்டபத்தை நோக்கி ஓடியது. என் இடுப்பு போனது அங்கேதான். முதலில் வாசலை எட்டியவர் சம்பந்தியம்மா. நல்ல நேரமும் தப்பவில்லை.

மணவறைக்கு ஏற முன்னர் அவர் லோஜினியின் கையைப் பிடித்தார். அதில் திரும்பவும் கிறீஸ். நான் கண்ணை மூடிக்கொண்டேன். திறந்து பார்த்தால், கயிற்றுக் கறுப்புப் படிந்த தன் உள்ளங்கையைப் பக்கத்தில் வைத்துப் பார்த்துச் சிரித்துக்கொண்டு நிற்கிறார்.

"இந்தக் கோச்சிக்கு ஏன் பிள்ளை விசில் இல்லை?"

"அந்தக் காலத்து எஞ்சினுக்கு இல்லை மாமி."

"அப்ப நாங்கள் ஒண்டு பூட்டுவம்."

நாங்கள் என்றார் அண்ணை. எனக்குக் கண் கலங்கிவிட்டது. இவ்வளவு சந்தோசம் நான் இந்த நாட்டுக்கு வந்து கண்டதில்லை.

ஆனாலும் பட்டவன் சொல்கிறேன், எஞ்சின் உங்களுக்கு வேண்டாம். ஆரணனும் மருமகளும் எல்லாச் செல்வமும் பெற்று நீடூழி வாழ வாழ்த்துகிறேன். அண்ணிக்கு என் அன்பு.

இப்படிக்கு,
இடுப்பில் பிளாஸ்டருடன் தம்பி,
ஜீவரத்தினம்

பி.கு.: மேலே எழுதியதைக் கணக்கில் எடுக்க வேண்டாம். சம்பந்தியம்மா இப்போதுதான் போன் எடுத்தார். விசில் பூட்டியாச்சாம், ஆரணனுக்கு அந்த எஞ்சினையே சொல்லியும் வைத்துவிட்டாராம். முன்வடம் எனக்கு. புது முழங்காலை ஓடப் பழக்கிக்கொண்டு வாருங்கள். இந்த முறை தேசிக்காயைத் தானே அடுக்கப்போகிறாராம், இல்லாவிட்டால் இழுக்கிறதுக்கு ஒரு சாட்டும் இல்லையாம்.