அறுபது வினாடிப் பிள்ளை

எங்கள் தெருமுனையில் இருக்கும் குழந்தைகள் காப்பகத்தில் நடக்கத் தெரிந்த குழந்தைகளை மட்டும்தான் சேர்ப்பார்கள். நியாயமான விதி. நடப்பதற்கு ஆதாரமாக, 'வீட்டிலேயே தொகுக்கப்பட்ட, அறுபது வினாடிக்கு மிகாத காணொளி' ஒன்றை இணைக்க வேண்டும். இதுவும் நியாயமான விதி என்றுதான் திங்கட்கிழமை வரை நினைத்திருந்தேன்.

தையல் கம்பெனியில் எனக்காக ஒரு மிஷினை வெள்ளிக்கிழமை வரை காலியாக வைத்திருப்பதாகச் சூப்பர்வைசர் அக்கா சொல்லியிருந்தார். பிள்ளைக்கு இடம் கிடைத்தால் எனக்கு மிஷின். இல்லாவிட்டால் அது வேறொருத்திக்கு.

பிள்ளை நடப்பதில் சந்தேகமே இல்லை. நடந்து போய்த்தான் அவளுடைய அப்பாவின் செருப்பை வாளித் தண்ணீரில் போட்டாள். அதை அவர் தன் அக்கா கொடுத்த கேமராவில் எடுத்தும் வைத்திருந்தார். கம்ப்யூட்டரில் ஏற்றி, வீடியோவை வெட்டி ஒட்டுகிற மென்பொருளில் திறந்தார். 'இந்த வகைக் கோப்பு ஏற்கப்படாது' என்று வந்தது.

"கேமராவும் நல்லாருக்கு, கம்ப்யூட்டரும் நல்லாருக்கு. அப்புறம் என்னங்க?"

"ரெண்டுக்கும் பேச்சுவார்த்தை இல்லை. நடுவுல ஒருத்தர் நின்னு மாத்திக் கொடுக்கணும். அதுதான் கன்வர்ட்டர்."

"உங்க அக்காவுக்கும் எனக்கும் நடுவுல நீங்க நிக்கிற மாதிரியா?"

அவர் இலவச கன்வர்ட்டர் ஒன்றை இறக்கினார். எந்த வகையாக மாற்றட்டும் என்று அது கேட்டு, நாற்பத்தியொரு வகையைக் காட்டியது. துணிக்கடையில்கூட இத்தனை எடுத்துப் போட மாட்டார்கள். அவர் கண்ணை மூடிக்கொண்டு ஒன்றைத் தொட்டார்.

செவ்வாய்க்கிழமை, பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு காப்பக அதிகாரியின் மேஜை முன்னால் நின்றேன். அவர் வீடியோவைப் பார்த்தார்.

"குழந்தை ஓடுதேம்மா."

"மாத்தும்போது கொஞ்சம் வேகமாயிடுச்சு சார். இவ நடக்கத்தான் செய்வா."

"ஓடற குழந்தைக்குத் தனிப் பிரிவு. அங்க இப்போ இடமில்லை."

பிள்ளையைக் கீழே இறக்கிவிட்டேன். மேஜையைச் சுற்றி நடந்து போய் அவர் கால்சட்டையைப் பிடித்து இழுத்தாள்.

"இதோ, நடக்கிறா பாருங்க சார்."

அவர் திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "அம்மா, நேர்ல நடக்கறதை எந்த ஃபைல்ல போட்டு வைக்கிறது?"

பிள்ளையைத் தூக்கிக்கொண்டு கிளம்பினேன். எந்த ஃபைலில் என்று வீடு வரைக்கும் யோசித்துக்கொண்டே வந்தேன்.

புதன்கிழமை வேறு கன்வர்ட்டர். வேகம் சரியாகிவிட்டது. ஆனால் படம் பக்கவாட்டில் இழுத்துக்கொண்டது. அதிகாரி சத்துணவுப் பொறுப்பாளரை வரவழைத்தார். இருவரும் திரையில் அளவுகோலை வைத்து அளந்தார்கள்.

"வயசுக்கு மீறின அகலம்" என்றார் பொறுப்பாளர். "மதியச் சாப்பாட்டைப் பாதியாக் குறைக்கணும்."

ஒன்பது கிலோ பிள்ளை என் இடுப்பிலிருந்து எட்டி அவருடைய பேனா மூடியைக் கடித்துக்கொண்டிருந்தாள்.

"இந்த அகலம் கன்வர்ட்டரால வந்தது சார்" என்றேன். பாதிச் சத்தம்தான் வெளியே வந்தது.

"அது யாரு, அப்பா வழியா, அம்மா வழியா?" என்றார் பொறுப்பாளர்.

"அப்பா வழிதான் சார்."

குறித்துக்கொண்டார்.

வியாழக்கிழமை மூன்றாவது கன்வர்ட்டர். வேகம் சரி, அகலம் சரி, சத்தம் மட்டும் வரவில்லை. பிள்ளை வாயைத் திறந்து திறந்து மூடினாள். அதிகாரி காதைக் கம்ப்யூட்டரில் ஒட்டவைத்துக்கொண்டு கேட்டார். இடுப்பில் இருந்தவள் "அப்பா, தாத்தா, பேப்பே" என்று தனக்குத் தெரிந்த அத்தனையையும் கத்தினாள்.

"பாப்பா, கொஞ்சம் சும்மா இரு" என்றார் அவர். "உனக்குப் பேச்சு வருதான்னுதான் கேட்டுட்டிருக்கோம்."

வரவில்லை என்று எழுதினார்.

வெள்ளிக்கிழமை காலையில் நான்காவது கன்வர்ட்டர். எல்லாம் சேர்ந்து வந்தது. திரையில் பிள்ளை அளவாக நடந்து, அளவாகச் சிரித்து, 'சளக்' என்ற சத்தத்தோடு செருப்பைப் போட்டாள். அதிகாரி மூன்று தரம் பார்த்தார். பிறகு முத்திரை குத்தினார்.

"சேர்க்கை முடிஞ்சது. நல்ல குழந்தை."

மாற்று உடுப்புப் பையையும் பால் பாட்டிலையும் மேஜையில் வைத்து, பிள்ளையையும் நிறுத்தினேன்.

"இது என்னம்மா?"

"குழந்தை சார்."

"அதைத்தான் சேர்த்தாச்சே."

"வீடியோவைத்தானே சார் வாங்கினீங்க?"

"நாலு நாளா நாங்க பரிசோதிச்சது அதைத்தான். இதை யார் பரிசோதிச்சாங்க? இது ஓடுமா, அகலமாகுமான்னு எங்களுக்கு என்ன தெரியும்?"

அவருக்குப் பின்னால் இருந்த கூடத்தை அப்போதுதான் பார்த்தேன். சுவர் முழுக்க வரிசையாகத் திரைகள். ஒவ்வொன்றிலும் ஒரு குழந்தை அறுபது வினாடி நடந்து, மறுபடி முதலிலிருந்து நடந்தது. நடுவில் இரண்டு ஆயாக்கள் கால் நீட்டி உட்கார்ந்திருந்தார்கள்.

"அழுகையில்லை, மூக்கொழுகல் இல்லை" என்றார் ஒருவர். "முன்னாடியெல்லாம் எவ்வளவு கஷ்டம் தெரியுமா?"

"தினமும் ஒன்பது மணிக்குள்ள புது வீடியோ அனுப்பிடுங்க, வருகைப் பதிவுக்கு" என்றார் அதிகாரி. "நீங்க வீட்டிலேயே இருந்து எடுத்தா இன்னும் தெளிவா வரும்."

வெளியே வந்தேன். தாழ்வாரத்தில் தாய்மார்கள் வரிசையாக நின்றார்கள், இடுப்பில் பிள்ளை, கையில் பென்டிரைவ். நான் நாலு பேர் முன்னால் வாய் திறந்தவள் இல்லை. அன்றைக்குத் திறந்தேன். ஓட்டம், அகலம், ஊமை, உள்ளே இருக்கும் கூடம், ஒன்று விடாமல் சொன்னேன். எல்லோரும் வாயில் கை வைத்துக் கேட்டார்கள். முன்னால் நின்றவள் என் கையைப் பிடித்துக்கொண்டாள். கண் கலங்கியிருந்தது.

"நாலே நாள்ல முத்திரை வாங்கிட்டீங்களா? எந்தக் கன்வர்ட்டர் அக்கா?"

வரிசை கலைந்து என்னைச் சுற்றி வட்டமானது. பிறந்ததிலிருந்து யாரும் என்னிடம் வந்து ஒரு விஷயம் கேட்டதில்லை.

"முதல்ல மேலே இருந்து எட்டாவதைத் தொடணும்" என்று ஆரம்பித்தேன். "அப்புறம் ஒலிக்குத் தனியா ஒரு கட்டம் இருக்கும், அதுல டிக் போடணும். நிறைய பேர் அங்கதான் கோட்டை விடறாங்க."

போன் அடித்தது. சூப்பர்வைசர் அக்கா. மிஷின் விஷயமாகத்தான் இருக்கும். பின்னால் நின்ற ஐந்தாறு பேருக்கு இன்னும் சரியாகப் புரியவில்லை. அழைப்பைத் துண்டித்துவிட்டு, பிள்ளையை மறு இடுப்புக்கு மாற்றிக்கொண்டு, முதலிலிருந்து சொன்னேன்.