சட்டை அஞ்சு, வேட்டி ரெண்டு, சிப்ஸ் கவர் மூணு

கடலூரில் கெடிலம் ஆற்றின் மானத்தைக் காப்பாற்றிய ஒரே மனிதர் எங்கள் தெருமுனை இஸ்திரி மாமாதான். இதை எந்த மேடையில் ஏறியும் சொல்வேன். அவர் பெயர் என்ன என்று மட்டும் கேட்காதீர்கள். பதினோரு வருடம் அவர் தேய்த்த சட்டையைப் போட்டுக்கொண்டு அலைந்த எனக்கே தெரியாது.

அவருடைய தள்ளுவண்டி நின்ற இடம் அப்படி. எங்கள் தெருச் சாக்கடை முழுவதும் அங்கே வந்து சேர்ந்து, ரோட்டுக்கு அடியில் ஒரு குழாய்க்குள் நுழைந்து, நேராகக் கெடிலத்தில் போய் விழும். கெடிலம் அங்கிருந்து கடலுக்குப் போகும். நாங்கள் யாரும் இதை யோசித்ததே கிடையாது. சாக்கடையில் போட்ட பொருள் அத்தோடு இல்லாமல் போய்விடும் என்பது எங்கள் நம்பிக்கை. மாமாவுக்குக் கை துணி மேல் இருந்தாலும் கண் சாக்கடை மேல் இருக்கும். யாராவது கவரை வீசினால் உடனே குரல் வரும்.

"என்னா சார், கடலுக்குப் பார்சலா?"

கேட்பதோடு விடுகிற ஆள் இல்லை. பழைய டேபிள் ஃபேனின் கம்பிக் கூண்டு ஒன்றை அந்தக் குழாய் வாயில் வைத்துக் கட்டியிருந்தார். அதில் மாட்டுவதை எல்லாம் எடுத்து, சோப்புப் போட்டு அலசி, கொடியில் காயவைத்து, நாலாக மடித்து, போட்டவர் வீட்டுத் துணி மூட்டையிலேயே வைத்து அனுப்பிவிடுவார். எது யார் வீட்டுடையது என்பதில் அவருக்குத் தப்பே வராது. காலர் அழுக்கைப் பார்த்து ஆளைச் சொல்கிறவருக்கு சிப்ஸ் கவர் எம்மாத்திரம்? மூட்டையை வாசலில் வைக்கும்போது ஒப்பிப்பார்.

"சட்டை அஞ்சு, வேட்டி ரெண்டு, சிப்ஸ் கவர் மூணு. சரியா இருக்கா பாத்துக்கங்க."

என் கதையைக் கேளுங்கள். அது புரட்டாசி மாதம். வீட்டில் எல்லோரும் விரதம். நானும்தான், வீட்டில் இருக்கிற நேரத்தில். ஒரு நாள் மத்தியானம் ஆபீசிலிருந்து வரும் வழியில் ஒரு மட்டன் பிரியாணியை முடித்துவிட்டு, தடயம் இருக்கக் கூடாதென்று கவரைச் சாக்கடையில் போட்டேன். மாமா வண்டியில் இல்லை என்று நன்றாகப் பார்த்துவிட்டுத்தான் போட்டேன். அவர் வண்டிக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்து கரி தட்டிக்கொண்டிருந்திருக்கிறார்.

சனிக்கிழமை குடும்பத்தோடு திருவந்திபுரம் பெருமாள் கோயிலுக்குப் போனோம். மொட்டை போட்டுக் குளித்துவிட்டு, பிரிக்காமல் கொண்டுபோன வேட்டியை எடுத்து உதறினேன். பளிச்சென்று கழுவிய கவர் ஒன்று என் மனைவியின் காலடியில் விழுந்தது. பக்கத்தில் மாமியார்.

"என்னங்க இது?"

"பிரசாதக் கவரா இருக்கும்."

மனைவி குனிந்து படித்தாள். "பிரசாதத்துல மட்டன் போடறாங்களா?"

திரும்பி வந்ததும் நேராக மாமாவிடம் சண்டைக்குப் போனேன். அவர் இஸ்திரிப் பெட்டியை ஓரமாக வைத்துவிட்டு நிதானமாகக் கேட்டார். "உங்க வீட்டுப் பொருள் எதையாவது நான் வெச்சிருக்கேனா சார்? ஒரு பட்டன் விழுந்தாக்கூடத் திருப்பிக் குடுத்தவன் நானு."

அன்றோடு சாக்கடையில் எதையும் போடுவதை நிறுத்திவிட்டேன். ஆற்றின் மேல் வந்த அக்கறை என்று சொல்ல ஆசைதான். மாமியார் மேல் இருந்த பயம்தான்.

எல்லோரும் என்னைப் போல அடங்கிவிடவில்லை. எதிர்வீட்டு பேங்க் ஆபீசருக்கு ஒரே மூட்டையில் பதினாலு பால் கவர் வந்ததும் கொதித்துப் போனார். ஐப்பசி மழை வருகிறது, கூண்டு அடைத்துக்கொண்டால் தண்ணீர் வீட்டுக்குள் வரும், கூண்டை எடுக்க வேண்டும், இல்லையென்றால் வண்டி இங்கே நிற்கக் கூடாது என்று தெருவைக் கூட்டிப் பேசினார். மாமா ஒரே ஒரு வார்த்தை சொன்னார்.

"மொத மழை வரைக்கும் வுடுங்க. ஒரு வாசப்படி தண்ணி ஏறுனாலும் வண்டியத் தள்ளிக்கிட்டுப் போயிடறேன்."

முதல் மழையே பேய்மழை. காலையிலிருந்து மாமா முழங்கால் தண்ணீரில் நின்று, கூண்டில் சேர்ந்ததை இரண்டு கையாலும் அள்ளி மேலே போட்டுக்கொண்டிருந்தார். தண்ணீர் பேங்க் ஆபீசரின் முதல் படியைத் தொட்டது. அவர் குடையோடு கோபமாக வந்தார். பின்னால் நாங்கள். மாமா நிமிர்ந்து பார்த்தார்.

"மழ ஜாஸ்தி சார். தனித்தனியாப் பிரிக்க முடியல. உங்களுது எதுன்னு நீங்களே பாத்துக்கங்க."

குவியலைப் பார்த்தோம். அவரவர் வீட்டு டப்பா, அவரவர் வீட்டுக் கவர். பேங்க் ஆபீசர் குடையை மடக்கினார், வேட்டியை மடித்துக் கட்டினார், இறங்கிவிட்டார். அப்புறம் நான், அப்புறம் மொத்தத் தெருவும். அரை மணி நேரத்தில் தண்ணீர் வடிந்தது.

ஆனால் படி ஏறியது ஏறியதுதானே? மறுநாள் காலையில் மாமா வண்டியைத் தள்ள ஆரம்பித்துவிட்டார். "சொன்னா சொன்னதுதான் சார்," என்றார் என்னிடம். அப்போது பேங்க் ஆபீசர் ஒரு மூட்டையைக் கொண்டுவந்து வண்டி மேல் வைத்தார்.

"பத்து சட்டை இருக்கு மாமா. தேய்ச்சுக் குடுத்துட்டுப் போங்க."

மாமா அவிழ்த்துப் பார்த்தார். சட்டைகளுக்கு நடுவே கழுவி, காயவைத்து, நாலாக மடித்த பால் கவர்கள். ஒவ்வொன்றாக எடுத்து எண்ணினார். அதற்குள் அடுத்த வீட்டு மூட்டை வந்தது. அதற்கடுத்த வீட்டு மூட்டையும் வந்தது. அவர் தேய்த்து முடிக்க முடியாதபடி நாங்கள் கொடுத்துக்கொண்டே இருந்தோம். இன்றுவரை முடியவில்லை.

தை மாதம் ஆற்றுத் திருவிழாவுக்கு ஊர்ச் சாமிகள் எல்லாம் கரைக்கு வந்தபோது, பேங்க் ஆபீசர் வேற்றுத் தெருக்காரர்களை இழுத்துக்கொண்டு போய் எங்கள் குழாய் ஆற்றில் விழும் இடத்தைக் காட்டிக்கொண்டிருந்தார். "எங்க தெருத் தண்ணி. ஒரு கவரு இருக்கா பாருங்க." அந்தத் தண்ணீரின் நிறம் பெருமைப்படும்படி இல்லை. ஆனாலும் எங்களுக்குப் பெருமை தாங்கவில்லை.

இப்போது மாற்றலாகிச் சிதம்பரத்தில் இருக்கிறேன். இங்கே மூட்டையில் துணி மட்டும்தான் வருகிறது. வேட்டியை இரண்டு தடவை உதறிப் பார்த்துவிட்டுத்தான் கட்டுகிறேன்.

"என்னத்தத் தேடறீங்க?" என்கிறாள் மனைவி.

"ஒண்ணுமில்ல," என்கிறேன். ஒரு மனுஷனைத் தேடுகிறேன் என்று வேட்டியைக் கையில் வைத்துக்கொண்டு எப்படிச் சொல்வது?